நெல்லும் அரிசியும் பற்றிப் பேசப் போகும் 12 உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, திகாமடுல்ல (அம்பாறை) தேர்தல் மாவட்டங்களிலிருந்து பாராளுமன்றம் போயிருக்கும் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும். ஆயுபோவன். நம் பக்கத்துக் கடிதத்துக்கு மூன்றும் தேவை. தமிழ் வாசிக்காத உறுப்பினர்களுக்கு அவர்களுடைய செயலாளர்கள் வாசித்துச் சொல்லட்டும்.

நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றில் நெல் கொள்வனவுப் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படுவான்கரையில் கொஞ்சம் வயல் உண்டு, அதைக் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகவே ஏழை விவசாயி என்ற பெயரில் உங்கள் முன் வந்து நிற்கவில்லை. தராசுக்குப் பக்கத்தில் நின்று பார்த்த ஆள் என்ற அளவில்தான் எழுதுகிறேன்.

பெரும்போகத்துக்கு விதைக்கிற காலம் நெருங்குகிறது. இனி நடக்கப்போவது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தை, மாசியில் நெல் விலை பற்றிச் சபையில் பேசுவீர்கள். வருடக் கடைசியில் அரிசித் தட்டுப்பாடு பற்றிப் பேசுவீர்கள். உங்கள் பேச்சுகளில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, சில பேச்சுகள் நன்றாகவே இருந்தன. ஆனால் நீங்கள் பேச எழும்பும்போது விஷயம் முடிந்துவிட்டிருக்கிறது. அதற்கு முன்பே வேறு யாரோ பேசி, வேறு எங்கோ தீர்மானமாகி, நமக்கு வருவது வர்த்தமானி அறிவித்தல் மட்டும். என்னுடைய மனக்குறை அதுதான்.

முதலில் நாட்காட்டியைப் பார்ப்போம். பெரும்போக அறுவடையில் நாட்டுக்கு முந்திக்கொள்வது நம் பக்கம். சம்மாந்துறை, அக்கரைப்பற்று, வெல்லாவெளி, வவுணதீவு என்று தை மாதத்திலேயே வெட்டு மெசின் இறங்கிவிடும். மழை முற்றாக விட்டிருக்காது. மெசின் வெட்டிக் கொட்டுகிற நெல் ஈர நெல். அரசு நெல் வாங்கும் உத்தரவாத விலைக்கு வைத்திருக்கும் அளவுகோல் 14 சதவீத ஈரப்பதம். அந்த அளவுக்குக் காய வைக்க வெயில் வேண்டும், தளம் வேண்டும், இரண்டு மூன்று நாள் வேண்டும். தளம் இல்லாததால்தான் சனம் தார் ரோட்டில் நெல்லைப் பரப்புகிறது, பஸ்காரரிடம் ஏச்சும் வாங்குகிறது.

அந்த இரண்டு மூன்று நாள் யாரிடம் இருக்கிறது? மெசின்காரருக்கு அன்றே காசு கொடுக்க வேண்டும். பூச்சிமருந்துக் கடையில் கடன் நிற்கிறது. மனைவியின் நகை அடகில் இருக்கிறது. காணிக்காரருக்கு, அதாவது என்னைப் போன்றவர்களுக்கு, குத்தகை நிற்கிறது. வயல் ஓரத்தில் லொறி நிற்கும்போது, லொறிக்காரர் சொன்ன விலைக்கு, எடையில் அவர் சொன்ன கழிவுக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழி கிடையாது. 2025இல் அரசு உத்தரவாத விலையை அறிவித்தது பெப்ரவரி 5ஆம் திகதி: நாடு என்ற வகை நெல் கிலோ 120 ரூபாய், சம்பா 125, கீரிச்சம்பா 132. விலை மோசமில்லை. ஆனால் அந்த அறிவிப்பு வந்தபோது நம் பக்கத்தில் அறுவடை தொடங்கி நெல் லொறியேறிக்கொண்டிருந்தது. முந்தி வெட்டிய விவசாயி என்ன விலைக்கு விற்றார் என்பதை என்னிடம் கேட்க வேண்டாம், உங்கள் தொகுதியிலேயே பத்துப் பேரிடம் விசாரித்துப் பாருங்கள்.

இதைத் தாமதம் என்று சொல்லி விட்டுவிடுவது எங்கள் வழக்கம். அதிகாரிகள் மெதுவாக வேலை செய்கிறார்கள், நிதி வரவில்லை, களஞ்சியம் தயாராகவில்லை என்று காரணங்கள் வரும். களஞ்சியக் கதை உண்மைதான். 2015இல் நெல்லை வைக்க இடமில்லாமல் மத்தள விமான நிலையத்தில் மூட்டை அடுக்கிய நாடு இது. ஆனால் ஒரே தாமதம் போகத்துக்குப் போகம் ஒரே ஆட்களுக்கு இலாபமாகவும் ஒரே ஆட்களுக்கு நட்டமாகவும் முடிந்தால், அதைத் தற்செயல் என்று நம்புவதற்கு எனக்கு வயது அதிகமாகிவிட்டது.

நெல்லை வாங்கிச் சேமித்து வைக்கக்கூடிய பெரிய ஆலைக்காரருக்குப் பொறுத்திருக்க வசதி இருக்கிறது. வங்கிக் கடன் இருக்கிறது, உலர்த்தும் இயந்திரம் இருக்கிறது, குதம் இருக்கிறது. எவ்வளவு நெல் எங்கே கிடக்கிறது என்ற கணக்கும் அவரிடம்தான். தட்டுப்பாடு வந்த பிறகுதான் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் அதிகாரிகள் கமெராவோடு குதங்களைத் திறந்து பார்க்கப் போகிறார்கள். நாட்டில் அரிசி போதுமா, போதாதா என்ற அடிப்படைக் கேள்விக்கே வியாபாரியின் கணக்கை நம்பித்தான் அமைச்சு பதில் சொல்ல வேண்டியிருந்தால், அந்தப் பேச்சில் யார் கை மேலே இருக்கும்?

2021 செப்டெம்பரில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அவசரகால ஒழுங்குவிதி போட்டு, அத்தியாவசிய சேவைகள் ஆணையாளராக ஓர் இராணுவ அதிகாரியை நியமித்து, அரிசிக்குக் கட்டுப்பாட்டு விலையும் அறிவித்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அரிசியின் கட்டுப்பாட்டு விலையை அரசே நீக்கியது. நீக்கியதும் ஊடகங்களைக் கூட்டிப் புதிய விலையை அறிவித்தது யார் தெரியுமா? பெரிய ஆலைக்காரர்கள். அமைச்சர் அறிவிக்க வேண்டிய இடத்தில் முதலாளிமார் உட்கார்ந்து அறிவித்தார்கள், செய்தியாளர்கள் எழுதிக்கொண்டார்கள். ஒளித்து மறைத்து எதுவும் நடக்கவில்லை. நாடே தொலைக்காட்சியில் பார்த்தது, யாருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. எனக்கு அதுதான் இன்னும் உறுத்துகிறது.

2024 டிசம்பரில் வேறு அரசு, வேறு ஆட்கள். நாட்டரிசிக்குச் சில்லறை உச்ச விலை 230 ரூபாய் என்று வர்த்தமானி. கடைகளில் அரிசி இல்லை. அதே மாதம் தனியாருக்கு இறக்குமதி அனுமதி, கிலோவுக்கு 65 ரூபாய் வரி. சரி, கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு கிலோ அரிசி எடுக்க ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான நெல் வேண்டும். நெல்லை 120 ரூபாய்க்கே வாங்கினாலும் நெல்லின் பெறுமதி சுமார் 185 ரூபாய். மீதி 45 ரூபாய்க்குள் அவித்தல், குற்றுதல், போக்குவரத்து, மொத்த வியாபாரி, சில்லறைக் கடை எல்லாம் அடங்க வேண்டும். தவிடும் உமியும் ஆலைக்கு. இந்தக் கணக்கில் ஆலைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கலாம், எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஈர நெல்லை எத்தனை ரூபாய்க்கு வாங்கினார் என்ற ஓர் எண் தெரியாமல் இந்தக் கணக்கு முடியாது. அந்த எண்ணை மேசையில் வைக்கச் சொல்லிக் கேட்ட ஒரு விவாதத்தையும் நான் பார்க்கவில்லை.

தொலைக்காட்சியில் நடக்கிற விவாதம் வேறு மாதிரி. ஒரு பக்கம் விவசாயி, மறுபக்கம் பாவனையாளர். நெல்லுக்கு விலை கூட்டினால் சோற்று விலை கூடும், யார் பக்கம் நிற்கிறீர்கள் என்று நடுவர் கேட்பார். இரண்டு பேரும் முறைத்துக்கொள்வார்கள். நடுவில் இருக்கிறவர் படத்திலேயே இல்லை. நம் ஊரில் இந்த இரண்டு பேரும் ஒரே ஆள் என்பதை யாராவது சொல்லுங்கள். இரண்டு ஏக்கர் வேளாண்மை செய்கிறவர் மாசியில் நெல்லை விற்கிறார், ஆவணி, புரட்டாதியில் கடையில் அரிசி வாங்குகிறார். விற்கும்போதும் அவருக்கு நட்டம், வாங்கும்போதும் அவருக்கு நட்டம்.

அரசுகள் அரிசி உண்பவரின் கோபத்துக்கு ஏன் இவ்வளவு பயப்படுகின்றன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார்கள். ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால். அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. பிரதமர் டட்லி சேனாநாயக்க அந்த ஒக்டோபரில் பதவி விலகினார். அன்றிலிருந்து எந்த நிதியமைச்சரும் அதை மறந்ததில்லை. உச்ச விலை வர்த்தமானி ஓர் இரவில் வருவதும், நெல்லின் உத்தரவாத விலை அறுவடை தொடங்கிய பிறகு வருவதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். கொழும்பில் வரிசை நீண்டால் ஆட்சி ஆடும். வெல்லாவெளியில் நெல் விலை விழுந்தால் ஆடுவது ஒரு குடும்பம். ஒரு சிறு ஊர்வலம் நடக்கும், கமநல சேவை நிலையத்துக்கு முன்னால் மனுக் கொடுத்துப் படம் எடுப்போம்.

இப்போது பசளைக்கு வருகிறேன். கோட்டாபய ராஜபக்ஷவின் 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் பத்து வருடத்தில் சேதனப் பசளைக்கு மாறுவோம் என்றிருந்தது. 2021 மே மாதம் ஒரே வர்த்தமானியில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. டொலர் தட்டுப்பாடு அதற்கு ஒரு காரணம் என்பது பிறகு எல்லோருக்கும் விளங்கியது. அந்த நேரம் மேடையில் பேசப்பட்டது நஞ்சற்ற உணவு பற்றியும், வடமத்திய மாகாணத்தின் சிறுநீரக நோய் பற்றியும். அந்த நோய்க்கு இரசாயனப் பசளைதான் காரணம் என்று விஞ்ஞானம் முடிவாகச் சொல்லவில்லை. ஆனால் முடிவாகச் சொன்ன மருத்துவர்களுக்கும் பிக்குமாருக்கும் ஜனாதிபதியின் காது கிடைத்தது. பயிர் பற்றிப் படித்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. இது சரிவராது என்று வெளிப்படையாகச் சொன்ன பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பே 2021 ஒக்டோபரில் விவசாய அமைச்சின் கீழ் வகித்த பொறுப்புகளிலிருந்து நீக்கப்பட்டார். அது மற்றவர்களுக்கும் விளங்கியிருக்கும், எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டார்களோ.

விவசாயிகள் கத்தினார்கள். நம் பக்கத்திலும் கொடும்பாவி எரித்தார்கள். கேட்டவர் யார்? நவம்பரில் தடையை எடுத்தார்கள், அதற்குள் பெரும்போகம் விதைத்தாகிவிட்டது. 2021இல் சுமார் 51 இலட்சம் தொன் நெல் விளைந்த நாட்டில் 2022இல் விளைந்தது சுமார் 34 இலட்சம் தொன். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். பசளை மட்டும் காரணம் என்று நான் சொல்லவில்லை, ரூபாயும் விழுந்தது, எரிபொருளும் இல்லை. ஆனால் அந்தத் தீர்மானத்துக்கு முன் அம்பாறையிலோ மட்டக்களப்பிலோ ஒரு விவசாயியிடம் கருத்துக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை அந்தத் தீர்மானத்துக்கு அறிவுரை சொன்னவர்கள் யாரும் ஒரு மூட்டை நெல் நட்ட ஈடு கொடுத்ததில்லை.

இதைச் சொன்னதால் நான் இரசாயனக் கம்பனிகளின் ஆள் என்று எண்ண வேண்டாம். அந்தப் பக்கத்துக் கைங்கரியமும் எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் கிராமத்துக்குக் கிராமம் விவசாய விரிவாக்க ஊழியர் இருந்தார். 1980களின் கடைசியில் அவர்களைக் கிராம சேவையாளர்களாக மாற்றிவிட்டார்கள். அந்த இடத்தை நிரப்பியது மருந்துக் கடை. இலையில் புள்ளி விழுந்தால் விவசாயி இலையைப் பிடுங்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறார். கடைக்காரர் மருந்தும் சொல்வார், அளவும் சொல்வார், கடனுக்கும் கொடுப்பார். எந்த மருந்தை விற்றால் அவருக்குக் கூடுதல் கழிவு என்பது போத்தலில் எழுதியிருக்காது. கம்பனி நடத்துகிற விவசாயிகள் கூட்டத்தில் தொப்பியும் சாப்பாட்டுப் பார்சலும் கிடைக்கும். நல்ல பார்சல், நானும் சாப்பிட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில் தடை வந்ததும் சனம் தடுமாறியதில் என்ன ஆச்சரியம்? அறிவைக் கேட்க அரசாங்கத்து ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்கவில்லை.

சீனிக்கும் அதே கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனிக்கான விசேட பண்ட வரியைக் கிலோ 50 ரூபாயிலிருந்து 25 சதமாகக் குறைத்தார்கள். மக்களுக்கு மலிவாகக் கிடைக்கும் என்றார்கள். கடையில் அந்த அளவுக்கு விலை இறங்கவில்லை. அரசுக்குச் சுமார் 1,600 கோடி ரூபாய் வருமானம் போனதாக அரசாங்க நிதி பற்றிய பாராளுமன்றக் குழுவில் வெளிவந்தது. அம்பாறையிலேயே ஹிங்குராணையில் கரும்பு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இறக்குமதிச் சீனியின் வரி குறைந்தால் அவர்களுடைய கரும்புக்கு என்ன நடக்கும் என்று அந்த வர்த்தமானிக்கு முன் யாராவது கேட்டார்களா? இனிப்புப் பானங்களுக்கு 2016இல் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறியீடு வந்தது நல்ல விஷயம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு என்று வைத்தார்கள். 2017 நவம்பரில் அந்தச் சீனிக்கு வரியும் போட்டார்கள், கொஞ்சக் காலத்திலேயே அதைக் குறைத்தார்கள். எங்கள் பாடசாலை விளையாட்டுப் போட்டிக் கொட்டகையில் தொங்குகிற பதாகை யாருடையது என்று அடுத்த முறை பிரதம விருந்தினராகப் போகும்போது நிமிர்ந்து பாருங்கள்.

பாலைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த மடல் முடியாது. பால்மா இறக்குமதியைக் குறைத்து உள்ளூர்ப் பாலைக் கூட்ட வேண்டும் என்று எல்லா அரசும் சொல்லியிருக்கிறது. மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் உட்கார்ந்தார்கள். மாடு நிற்க இடமில்லாமல் பால் எங்கிருந்து வரும் என்ற சாதாரணக் கேள்வி, கொழும்புக்குப் போகும் வழியில் இனப் பிரச்சினையாக மட்டும் மாறிவிட்டது. இனப் பிரச்சினை அதில் இல்லை என்று சொல்ல வரவில்லை. உணவுக் கொள்கை பேசுகிற மேசையிலும் அது இருந்திருக்க வேண்டும் என்கிறேன்.

இனி நம்முடைய வீட்டுக்குள் வருவோம், இல்லாவிட்டால் இந்த மடல் அரைப் பொய்யாகிவிடும். கொழும்பில் ஆலைக்காரருக்கு இருக்கிற இடம் நம் ஊரில் பெரிய காணிக்காரரான போடியாருக்கு இருந்தது. இன்று போடியார் என்று யாரும் கூப்பிடுவதில்லை, ஆனால் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் முன்வரிசைக் கதிரை யாருக்கு என்று பார்த்தால் விளங்கும். எந்தத் திகதி தண்ணீர் திறப்பது, எந்த வயல் கண்டத்துக்கு முதல், எத்தனை மாத நெல் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. உன்னிச்சைக் குளத்திலும் நவகிரிக் குளத்திலும் வாய்க்கால் கடைசியில் வயல் செய்கிறவர் பின்னால் நிற்பார். குத்தகைக்காரர் பேசினால், உனக்குக் காணியா இருக்கு என்று யாராவது கேட்டுவிடுவார்கள். களை பிடுங்குகிற, கதிர் பொறுக்குகிற பெண்கள் அந்தக் கூட்டத்துக்கு அழைக்கப்படுவதே இல்லை. ஹெக்டேயருக்கு 25,000 ரூபாய் என்று பசளை மானியம் வந்தபோது, பதிவு காணிக்காரர் பெயரில் இருந்த இடங்களில் வயல் செய்தவர் அதற்காகக் கெஞ்ச வேண்டியிருந்தது. என் வயலின் பணத்தை அதைச் செய்கிறவருக்கே கொடுத்துவிட்டேன். எல்லோரும் அப்படிச் செய்யமாட்டார்கள், செய்ய வேண்டும் என்று சட்டமும் இல்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இவைதான்.

இந்தப் பெரும்போகத்தின் உத்தரவாத விலையை விதைப்புக்கு முன் அறிவிக்கச் செய்யுங்கள். மாசியில் தரும் 120ஐ விட, ஐப்பசியில் எழுத்தில் கிடைக்கும் 115 நல்லது. அந்தத் தாளைக் காட்டி விவசாயி லொறிக்காரரிடம் பேரம் பேசலாம், வங்கியிலும் பேசலாம். அரசுக்காக நெல் வாங்கும் நெல் சந்தைப்படுத்தும் சபை 1971ஆம் வருடச் சட்டத்தின் கீழ் வந்தது. இடையில் மூடிக் கிடந்து மறுபடி திறந்தது. அதற்குப் பணம் எந்தத் திகதியில் விடுவிக்கப்படும் என்று பாராளுமன்றத்தில் கேளுங்கள். எவ்வளவு என்ற கேள்விக்கு எப்போதும் பதில் வரும், எப்போது என்ற கேள்விக்குத்தான் வராது.

அரிசி, சீனி, பால்மா, கோதுமை மா ஆகியவற்றின் விலையையோ வரியையோ மாற்றும் வர்த்தமானிக்கு முன்னைய ஒரு மாதத்தில் அமைச்சரையும் செயலாளரையும் சந்தித்த சங்கங்கள், கம்பனிகள், ஆலோசகர்கள் யார் என்ற பட்டியலைச் சபையில் வைக்கச் சொல்லுங்கள். சந்திப்பது குற்றமில்லை. வியாபாரிக்கும் குறை இருக்கும், சொல்லத்தான் வேண்டும். ஆனால் யார் சொன்னார்கள் என்பது எங்களுக்குத் தெரிய வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இலிருந்து இருக்கிறது, அதை வைத்து நானே கேட்கலாம். கேட்டுப் பதில் வருவதற்குள் அடுத்த போகம் வந்துவிடும். நீங்கள் கேட்டால் பாராளுமன்றத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆலைகளின் நெல் இருப்பைத் தட்டுப்பாடு வந்த பிறகு சோதிக்காமல், மாதாமாதம் வெளியிட வைக்க வழி பாருங்கள்.

அப்புறம், விவசாயம் பற்றிய பாராளுமன்றக் குழுவின் ஓர் அமர்வைக் கல்முனையிலோ மட்டக்களப்பிலோ நடத்தக் கேளுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் மொழிபெயர்ப்போடு. விவசாய அமைப்புத் தலைவர்களை மட்டும் கூப்பிட வேண்டாம். குத்தகைக்காரர், கூலிக்குப் போகிற பெண்கள், சிறிய ஆலை நடத்துகிறவர், பேக்கரிக்காரர் எல்லோரும் வரட்டும். மருந்துக் கடைக்காரரும் வரட்டும், அவருக்கும் ஒரு கதை இருக்கும். என்னைப் போன்ற காணிக்காரரைக் கடைசியில் பேச விடுங்கள்.

உங்களில் சிலர் எதிர்க்கட்சி, சிலர் அரசாங்கக் கட்சி. தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று பிரிந்து வாக்கு வாங்கியிருக்கிறீர்கள். நெல் விலை விஷயத்தில் 12 பேரும் ஒரே தாளில் கையெழுத்து வைத்தால், அது நம் பக்கத்துக்குப் புதிது, கொழும்புக்கும் புதிது.

அமர்வு முடியாத காரியம் என்றால் ஒன்று செய்யுங்கள். தை மாதம் கடைசி வாரத்தில், விடியற்காலை, முன்னறிவிப்பு இல்லாமல், வெல்லாவெளிப் பக்கமோ சம்மாந்துறைப் பக்கமோ ஒரு வயல் ஓரத்தில் வந்து நில்லுங்கள். லொறி வரும், தராசு இறங்கும். வரும்போது கமநல சேவை நிலையத்தில் சொல்லி ஈரப்பதம் பார்க்கும் கருவி ஒன்றையும் எடுத்து வாருங்கள், லொறிக்காரருடைய கருவி எப்போதும் அவர் பக்கம்தான் காட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கூட்டுறவு ஊழியர் ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.